புருண்டிக்காரர்களின் வானொலி

புருண்டி என்று சொன்னால் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் தமிழர்களில் பலர் "ருவாண்டாவா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இல்லை. ருவாண்டாவுக்குத் தெற்கே, டாங்கனிக்கா ஏரிக் கரையில் இருக்கும் தனி நாடு அது. பரப்பளவு சுமார் 27,800 சதுர கிலோமீட்டர். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அந்தச் சிறிய மலைநாட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் இங்கே சாட்ஸ்வொர்த் கடைகளின் வாகன நிறுத்தங்களில் மஞ்சள் மேலங்கி அணிந்து நம் கார்களைக் காக்கிறார்கள், நகர மையத்தில் முடி திருத்துகிறார்கள், துணி தைக்கிறார்கள். நாம் கையில் சில்லறையைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறோம்.

நான் காய்கறி வாங்கும் இடத்தில் கார் பார்த்துக்கொள்ளும் ஒருவரோடு பேசிப் பழகியதில்தான் எனக்கு அந்த நாட்டின் கதை தெரிய வந்தது. அவர் என்னை மம்மா என்கிறார்; நான் அவரைத் தம்பி என்கிறேன். கித்தேகா பக்கத்துக்காரர். அவர் காதில் எப்போதும் ஒரு கம்பி தொங்கும். பாட்டு கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். பாட்டு இல்லை, செய்தி. நாட்டைவிட்டு விரட்டப்பட்ட வானொலிக்காரர்கள் இணையத்தின் வழியே கிருண்டி மொழியில் அனுப்பும் செய்தி. அன்றிலிருந்து எனக்கு அந்த நாட்டின் அரசர்கள் மேலும் தலைவர்கள் மேலும் இருந்த ஆர்வத்தைவிட, அங்கே வானொலியின் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் மேல் ஆர்வம் அதிகமாகிவிட்டது. ஆனால் அரசர்களைச் சொல்லாமல் அவர்களைச் சொல்ல முடியாது.

புருண்டியில் அரசனை முவாமி என்பார்கள். ந்டாரே, முவேசி, முட்டாகா, முவாம்புட்சா என்ற நான்கு பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். அரசனைவிடப் புனிதமானதாகக் கருதப்பட்டது கார்யெண்டா என்ற முரசு. சோளம் விதைக்கும் பண்டிகையில் அரசன் விதையை வாழ்த்தும்போதுதான் அது வெளியே வரும். கித்தேகாவுக்கு அருகில் கிஷோரா என்ற குன்றில் அரச முரசுகளைக் காத்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் முரசு அடிக்கிறார்கள். முரசுகளைத் தலையில் சுமந்தபடியே அடித்துக்கொண்டு வந்து, அரைவட்டமாக நின்று, நடுவில் ஒரு முரசுக்காரன் தாளத்தை நடத்த மற்றவர்கள் பின்தொடர்வார்கள். யுனெஸ்கோ 2014இல் இதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தம்பி தன் தொலைபேசியில் அந்தக் காட்சியைக் காட்டியபோது, காவடி நாளில் கோயில் வாசலில் மேளம் உச்சத்துக்கு ஏறும்போது வயிற்றுக்குள் ஏற்படுகிற அதே அதிர்வு எனக்கு ஏற்பட்டது. முரசு ஒலித்தால் மலைக்கு மலை தெரியும்: அரசன் இருக்கிறான், விதைக்கலாம்.

முவேசி கிசாபோ என்ற அரசர் ஜெர்மானியர்களைப் பல ஆண்டுகள் எதிர்த்துப் போராடி, 1903இல் கிகண்டாவில் உடன்படிக்கைக்குப் பணிந்தார். 1908இல் இறந்தார். முதல் உலகப்போரில் பெல்ஜியர்கள் வந்தார்கள். அப்போது சிம்மாசனத்தில் இருந்தது முவாம்புட்சா என்ற சிறு குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து, ஐம்பது ஆண்டுகள் அரசராக இருந்தார்.

அவருடைய மகன்தான் இளவரசர் லூயி ருவாகசோரே. இந்த மனிதரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. 1932இல் பிறந்தவர். ஹுட்டுப் பெண்ணை மணந்தவர். நாட்டின் இரு பெரிய இனங்களான ஹுட்டு, டுட்சி என்ற பிரிவினையைத் தாண்டி எல்லோரையும் உப்ரோனா என்ற கட்சியில் சேர்த்தவர். பெல்ஜிய அதிகாரிகள் அவருடைய எதிரிகளுக்குத் துணைபோனபோதும், 1961 செப்டம்பர் தேர்தலில் 64 இடங்களில் 58 இடங்களை அந்தக் கட்சி வென்றது. அவர் பிரதமரானார். பதவியேற்று மூன்று வாரம் முடிவதற்குள், அக்டோபர் 13 அன்று ஏரிக்கரை உணவகம் ஒன்றில் இரவுச் சாப்பாட்டுக்கு அமர்ந்திருந்தவரை ஒரு கிரேக்கன் சுட்டுக் கொன்றான். வயது 29. கொலைக்குப் பின்னால் எதிர்க்கட்சியின் தலைவர்கள் இருந்தார்கள் என்று வழக்கு நடந்தது. சுட்டவன் 1962 ஜூன் 30 அன்று தூக்கிலிடப்பட்டான். மறுநாள் ஜூலை 1, நாடு சுதந்திரம் பெற்றது.

அன்று ஏற்றிய கொடியின் நடுவில் கார்யெண்டா முரசும் ஒரு சோளப் பயிரும் இருந்தன. நான்கே ஆண்டுகளில் அந்த முரசு கொடியிலிருந்து போய்விட்டது. 1965இல் பிரதமர் ங்கெண்டாண்டும்வே கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு முயற்சி நடந்தது. முவாம்புட்சா ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். 1966 ஜூலையில் அவருடைய இன்னொரு மகன் தந்தையைப் பதவி நீக்கி, செப்டம்பரில் ஐந்தாம் ந்டாரே என்று முடிசூடிக்கொண்டார். பதினெட்டு வயது. நவம்பர் 28 அன்று அவர் கொங்கோவுக்குச் சென்றிருந்த நேரத்தில், அவருடைய பிரதமர் மிஷேல் மிகொம்பெரோ என்ற இளம் படை அதிகாரி, இனி அரசர் இல்லை, குடியரசு என்று அறிவித்துவிட்டார். வேற்றுநாட்டில் நின்றபடி தன் அரியணை போன செய்தியைக் கேட்டார் அந்த இளைஞர்.

தந்தை முவாம்புட்சா 1977இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். தன் எலும்புகூடப் புருண்டிக்குத் திரும்பக் கூடாது என்று உயிலில் எழுதிவைத்திருந்தார். 2012இல் அவர் உடலைத் தோண்டியெடுத்து நாட்டுக்குக் கொண்டுபோக முயற்சி நடந்தது. சுவிஸ் நீதிமன்றங்கள் வரை போய், கடைசியில் அங்கேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். ஒரு மகனைச் சுட்டார்கள். இன்னொரு மகனான ந்டாரே 1972இல் நாடு திரும்பியதும் சிறைப்பட்டு, ஏப்ரல் 29 அன்று கித்தேகாவில் கொல்லப்பட்டார். அந்தத் தந்தை ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

அதே ஏப்ரல் 29இல்தான் நாட்டின் பெருந்துயரம் தொடங்கியது. தெற்கில் ஹுட்டுக் கிளர்ச்சியாளர்கள் டுட்சி மக்களைக் கொன்றார்கள். அதற்குப் பதிலாக மிகொம்பெரோவின் அரசு, படித்த ஹுட்டு மக்களை, ஆசிரியர், எழுத்தர், பள்ளி மாணவர், பாதிரியார் என்று தேடித் தேடிக் கொன்றது. மாண்டவர்கள் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். நான் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூக்குக்கண்ணாடியும் கையில் புத்தகமும் இருப்பதே மரணத்துக்குக் காரணமாகிவிட்ட ஓர் ஆண்டை என்னால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மிகொம்பெரோவை 1976இல் பகாசா கவிழ்த்தார். பகாசா 1987இல் கனடாவில் மாநாட்டுக்குப் போயிருந்தபோது புயோயா கவிழ்த்தார். மூவரும் படைவீரர்கள், மூவரும் தெற்கே ருட்டோவு என்ற ஒரே வட்டாரத்துக்காரர்கள். இத்தனை காலமும் நாட்டில் வானொலி என்றால் அரசு வானொலிதான். தொலைக்காட்சி 1980களில்தான் வந்தது. அதுவும் மின்சாரம் உள்ள ஊர்களுக்கு மட்டும். மலைச் சரிவில் வாழைத் தோப்புக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே இருக்கும் வீட்டுக்கு, தலைநகரில் நடப்பதைச் சொல்ல பேட்டரியில் ஓடும் ஒரு வானொலிப் பெட்டிதான் இருந்தது. ஆட்சியைப் பிடிப்பவன் முதலில் வானொலி நிலையத்தைப் பிடித்தான். முரசு இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

1993 ஜூனில் மக்கள் ஓட்டுப்போட்டு மெல்கியோர் ந்டாடாயே என்ற ஹுட்டுத் தலைவரை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலை 10இல் பதவியேற்றார். அக்டோபர் 21 அன்று படைவீரர்கள் அவரைக் கொன்றார்கள். தம்பி அப்போது பள்ளிச் சிறுவன். அன்று காலை வீட்டு வானொலியில் எதுவும் வரவில்லை என்கிறார். அப்பா பெட்டியைத் தட்டிப் பார்த்தார், பேட்டரியை வெயிலில் காயவைத்தார், பிறகு குமிழைத் திருகித் திருகி ருவாண்டா வானொலியைப் பிடித்தார். தங்கள் அதிபருக்கு நேர்ந்ததைத் தங்கள் நாட்டு வானொலியிலிருந்து அவர்கள் அறியவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து அறிந்தார்கள். அன்றைக்கே பக்கத்துக் குன்றில் புகை எழுந்தது. அவர் ஹுட்டுவா டுட்சியா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். எங்கள் அப்பாவின் அடையாள அட்டையில் இனம் அச்சிட்டிருந்த காலத்தை நான் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று ருவாண்டா அதிபர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அதில் புருண்டியின் புதிய அதிபர் ந்டார்யமிராவும் இருந்தார். ருவாண்டாவில் ஒரு வானொலி, ஆர்.டி.எல்.எம்., அயலவனைக் கொல் என்று பாட்டுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தது உலகத்துக்கே தெரியும். ஆனால் அதற்கு மறுவருடமே பக்கத்து நாட்டில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. நான் இந்தப் பதிவை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

1995இல் அப்போதைய தலைநகரான புஜும்புராவில் ஸ்டுடியோ இஜாம்போ என்ற ஒலிப்பதிவுக் கூடம் தொடங்கப்பட்டது. ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உதவியது. வேலை செய்தவர்கள் புருண்டியர்கள். ஒரு ஹுட்டுச் செய்தியாளரும் ஒரு டுட்சிச் செய்தியாளரும் சேர்ந்தே செய்தி சேகரிக்கப் போவார்கள். நகரின் பகுதிகள் இனவாரியாகப் பிரிந்து, இன்ன தெருவுக்கு இன்னார் போனால் திரும்ப முடியாது என்றிருந்த காலம் அது. ஒருவர் போகமுடியாத இடத்துக்கு மற்றவர் போனார்; இருவரும் கொண்டுவந்ததை ஒன்றாக உட்கார்ந்து தொகுத்தார்கள். அதனால் கேட்டவர்கள் நம்பினார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு குடும்பங்களைப் பற்றி ஒரு தொடர் நாடகம் போட்டார்கள், ஆண்டுக்கணக்கில் ஓடியது. இன்னொரு நிகழ்ச்சியில், தன் உயிரைப் பணயம் வைத்து மற்ற இனத்தவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்தார்கள். தம்பியின் தாயார் அந்த நாடகம் வரும் நேரத்தில் அடுப்பில் இருக்கும் பீன்ஸைக்கூட மறந்துவிடுவாராம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், நான் வளர்ந்த நாட்டில் வானொலி பிரிப்பதற்கென்றே அமைக்கப்பட்டிருந்தது. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு மொழிவாரியாக ஒவ்வொன்று. 1983இல் எங்களுக்கென்று ரேடியோ லோட்டஸ் வந்தபோதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் வந்தது. ஆனாலும் தமிழ் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் எங்கள் ஆயா தலை வாரி, பொட்டு வைத்து, வானொலிக்கு முன்னால் வந்து உட்காருவார். கரும்புத் தோட்டக் கூலிக்கு வந்தவர்களின் பேத்தி அவர். எழுதப் படிக்கத் தெரியாது. பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் தமிழில் வணக்கம் சொல்வது அவருக்குத் தன்னையே யாரோ வீடு தேடி வந்து பார்ப்பதாக இருந்தது. ஒரு மக்களுக்கு அந்தக் குரல் என்ன என்பது எனக்குத் தெரியும். புருண்டியில் அந்தக் குரலை இரண்டு இனத்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்து உருவாக்கினார்கள். நாங்கள் அதைச் செய்யவே 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து தனியார் வானொலிகள் வளர்ந்தன. பொனேஷா, 2001இல் ஆர்.பி.ஏ. (ரேடியோ பப்ளிக் ஆஃப்ரிக்கேன்), 2002இல் இசங்கனிரோ. ஆர்.பி.ஏ.வைத் தொடங்கிய அலெக்சி சிந்துஹிஜே, முன்பு எதிரெதிர் தரப்பில் துப்பாக்கி ஏந்தியவர்களை ஒரே செய்தி அறையில் வேலைக்கு வைத்தார். குப்பை அள்ளாத நகராட்சி முதல் சிறையில் விசாரணையின்றிக் கிடப்பவர்கள் வரை எல்லாவற்றையும் பேசினார்கள்.

இங்கே எங்கள் நாட்டின் பங்கையும் சொல்ல வேண்டும். ந்டாடாயே கொலைக்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போரை நிறுத்த, புருண்டி சமாதானப் பேச்சை நடத்திவந்த தான்சானியாவின் முன்னாள் அதிபர் நைரேரே 1999 அக்டோபரில் இறந்த பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றவர் மண்டேலா. எண்பது வயதைத் தாண்டிய நிலையில் தான்சானிய நகரான அருஷாவில் புருண்டித் தலைவர்களை முகத்துக்கு நேரே கண்டித்தார். 2000 ஆகஸ்ட் 28இல் உடன்படிக்கை கையெழுத்தானது. நாடு திரும்பும் தலைவர்களைக் காக்க 2001 அக்டோபரில் சுமார் 700 தென்னாப்பிரிக்கப் படைவீரர்கள் புஜும்புராவில் போய் இறங்கினார்கள். மண்டேலாவின் சிறைவாசத்தைப் பள்ளியில் சொல்லித்தருகிறோம், இதைச் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தந்திருந்தால் 2015 ஏப்ரலில் டர்பனில் நடந்தது நடந்திருக்குமா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அந்த ஏப்ரலில் இங்கே அயல்நாட்டவரைத் தாக்கினார்கள். கடைகளை உடைத்தார்கள், வீட்டைவிட்டு விரட்டினார்கள். ஓடிவந்தவர்களுக்கு சாட்ஸ்வொர்த் மைதானத்தில் வெள்ளைக் கூடாரங்கள் போட்டார்கள். கோயில்களிலிருந்தும் மசூதிகளிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் சாப்பாடு போனது. நானும் எங்கள் தெருப் பெண்களும் பிரியாணிச் சட்டிகளையும் போர்வைகளையும் கொண்டு போனோம். மலாவிக்காரர்களில் பலர் பஸ் ஏறி ஊர் திரும்பினார்கள். புருண்டிக்காரர்களும் கொங்கோக்காரர்களும் போகவில்லை. "ஏன் இவர்கள் ஊருக்குப் போக மாட்டேன் என்கிறார்கள்?" என்று எங்கள் பக்கத்திலேயே சிலர் கேட்டார்கள்.

ஏன் என்பதை அந்த வாரங்களில் அவர்களுடைய தொலைபேசிகள் சொல்லிக்கொண்டிருந்தன. அதிபர் ந்குருன்சிசா மூன்றாம் முறை நிற்பதை எதிர்த்து ஏப்ரல் 26 முதல் புஜும்புராத் தெருக்களில் போராட்டம். மறுநாளே ஆர்.பி.ஏ.வை மூடினார்கள். மே 13 அன்று அதிபர் தான்சானியாவில் இருந்தபோது, ஜெனரல் நியொம்பரே தனியார் வானொலியில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று அறிவித்தார். மைதானத்தில் ஒரு கூடாரத்தின் வாசலில் முப்பது நாற்பது பேர் ஒரு தொலைபேசியைச் சூழ்ந்து நின்றார்கள். தம்பியும் அங்கேதான் இருந்தார். சிலர் ஆடினார்கள். வயதான ஒருவர் மட்டும் கையை அசைத்து, பொறுங்கள், பொறுங்கள் என்றார். அன்றே அரசு ஆதரவு வானொலியான ரேமாவை ஒரு கூட்டம் தாக்கியது. மறுநாள் மே 14, அரசு வானொலி நிலையத்தைப் பிடிக்க இரண்டு தரப்புப் படைகளும் சண்டையிட்டன. அதிபருக்கு விசுவாசமானவர்கள் ஆர்.பி.ஏ.வை எரித்தார்கள், பொனேஷாவையும் இசங்கனிரோவையும் ரெனேசான்சையும் நாசமாக்கினார்கள். ஆட்சிக் கவிழ்ப்பு தோற்றது. மைதானத்தில் அந்தத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த அலைவரிசை பாதிச் சொல்லில் நின்றது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், அந்த ஜனவரியில், ஆர்.பி.ஏ.வின் இயக்குநர் பாப் ருகுரிகாவைச் சிறையில் அடைத்திருந்தார்கள். மூன்று இத்தாலியக் கன்னியாஸ்திரீகள் கொல்லப்பட்டதில் தனக்குப் பங்குண்டு என்று சொன்ன ஒருவரின் குரலை அவர் ஒலிபரப்பினார். அந்த மனிதரை அதிகாரிகளிடம் ஒப்படைக்க மறுத்தார். பிப்ரவரி 19இல் பிணையில் வெளிவந்தபோது முரம்வியாவிலிருந்து தலைநகர் வரை சாலையோரம் ஆயிரக்கணக்கானவர்கள் நின்று வரவேற்றார்கள். ஒரு செய்தியாளருக்கு அரசருக்குக் கூடுவதைப் போல ஊர் கூடியது. அந்த நாட்டு மக்கள் யாரைத் தங்கள் குரலாக வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

பிறகு வந்தவை எல்லாம் ஒரே திசையில் போயின. 2017இல் முரசுக்கும் ஓர் ஆணை வந்தது: பெண்கள் அடிக்கக் கூடாது, நிகழ்ச்சிக்கு அனுமதியும் கட்டணமும் வேண்டும். 2018இல் ஆளும் கட்சி ந்குருன்சிசாவை நிரந்தர உயர் வழிகாட்டி என்று அறிவித்தது. அதே ஆண்டு பி.பி.சி.யையும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் நிறுத்தினார்கள். அந்த அதிபர் 2020 ஜூனில் இறந்தார். அடுத்து வந்த ந்டாயிஷிமியே காலத்தில், 2021இல், பொனேஷாவுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது, ஆர்.பி.ஏ.வுக்குக் கிடைக்கவில்லை. ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் அடைக்கலம் புகுந்து இணையத்தில் ஒலிபரப்பி வந்தவர்களையும், இரு நாடுகளும் சமரசமான அந்த ஆண்டில், ருவாண்டா நிறுத்தச் சொல்லிவிட்டது. அவர்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள். தம்பியின் காதுக் கம்பியில் குரல் சில வாரம் இல்லாமல் இருந்து, பிறகு வந்தது.

அந்த இணைய வானொலிக்காரர்களில் ஃப்ளோரியான் இராங்கபியே என்ற பெண்ணும் ஒருவர். ருவாண்டாவில் வசித்தபடி விவாத நிகழ்ச்சி நடத்தியவர். 2022 ஆகஸ்டில் உறவினர்களைப் பார்க்கப் புருண்டிக்குப் போனவரைப் பிடித்து, பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2024 ஆகஸ்டில் அதிபர் மன்னிப்பு அளித்து விடுவித்தார். நான் வண்டியை நிறுத்தி இன்னும் கதவைத் திறக்கவில்லை. தம்பி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, "மம்மா, அந்தப் பெண் வெளியே வந்துவிட்டார்" என்றார். நல்ல செய்திதானே, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மன்னிப்புத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று யாரும் இன்னும் சொல்லவில்லை" என்றார்.